ஃபட்டீக்

இரவு ஒன்றரைக்கு மின்சாரம் நின்றபின்
பீஷானில் தண்டவாளத்தில் இறங்குவோம்
நானும் ஃபட்சிலும் கேளா ஒலிக் கருவியும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
இரும்பு புதுமாப்பிள்ளை போல் மினுங்கும்.
உள்ளே மயிரிழை விரிசல்
திரையில் முள்ளாய் எழும்.
காரணம் என்ற கட்டத்தில்
எழுதுவேன்: ஃபட்டீக்.

பாரம் கூடிப்போய் அல்ல.
தாங்கக்கூடிய பாரம்தான்,
மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம்
பதினாறு வருடம்.

போன செவ்வாய்க்கிழமை
ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
அதே சொல்லை என் பெயருக்கு நேரே
தட்டினார் டாக்டர்.

"அப்படின்னா?" என்றாள் பூங்கோதை.
களைப்பு என்றேன்.
"களைப்புன்னா தூங்குனாப் போயிருமே."
சோர்வு, அயர்ச்சி, ஓய்ச்சல்
அடுத்த வீட்டுச் சாவிக்கொத்தைப் போல
ஒவ்வொன்றாய் நுழைத்துப் பார்த்தேன்.
தேய்மானம்?
அது கணக்குப்பிள்ளை சொல்,
லாரிக்கும் மேசைக்கும் போடுவது.

தண்டவாளத்துக்கு:
பதினெட்டு மீட்டர் வெட்டி மாற்றவும்.
எனக்கு: எம்சி, இரண்டு நாள்.

இரண்டாம் நாள் மத்தியானம்
குப்புறப் படுத்திருந்தேன்.
வெங்காயம் உரித்த கையோடு வந்தவள்
விரல் முட்டியால் முதுகில் இரண்டு தட்டு தட்டி
காதை வைத்தாள்.

"என்ன கேக்குது?"

"இரு, ரயில் போகட்டும்."