கொட்டையடி

வெலிமடைக்கு மேலே, லீக்ஸ் பாத்தி முடியும் வளைவில்
மூன்று மொழியில் பலகை நட்டுப் போனார்கள்.
சிங்களம் சரி. இங்கிலீசும் சரி.
தமிழில் மட்டும்
'வெள்ளையர் கட்டிய எல்லைக் கொட்டை'.

பள்ளிக்கூடப் பொடியன்கள் சிரித்துச் சிரித்து
பஸ்சைத் தவறவிட்டார்கள்.
பலாக்கொட்டையா என்று லொறிக்காரர் கேட்டார்.

பலகையில் ஒரு லெப்டினன்ட்டுக்குப் பெயர் உண்டு.
காய்ச்சலில் செத்த சிப்பாய்களுக்கு எண்ணிக்கை உண்டு.
அரிசி மூட்டையோடு இந்தக் கணவாய் ஏறியவர்களுக்கு
அதுவும் இல்லை.
கோட்டை என்று மிஞ்சியது இடுப்பளவுச் சுவர், நாலு வரிசை.
மற்றக் கல்லையெல்லாம் பாத்திக்கு அணை கட்ட
நாங்கள்தான் உருட்டிப் போனோம்.

திணைக்களத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
மூன்றாம் மாதம்
கூரைத் தகரத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்,
ஒரு தீக்குச்சி.
கொம்பின் தலையில் சின்னதாய் ஒரு சுழி.

அரசாங்கச் சொத்தில் கை வைத்தது யார் என்று
கிராம சேவகர் வந்தார்.
சிவப்பாய் இருப்பது எழுத்தா கறையா,
அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
வெற்றிலை எச்சில் என்றேன்.
துடைக்கச் சொன்னார். சரி என்றேன்.

கண்டக்டர் மோகனதாஸ் இன்னமும்
"கொட்டையடி, கொட்டையடி இறங்கு" என்றுதான் கத்துகிறான்.
உரம் மூட்டையோடு
இறங்குகிறேன்.