மூன்றாம் கூண்டு

பேராதனையில் மழை விட்டிருந்தது.
நிலூஷா மிஸ் வருமுன்னே
கூண்டுகளிலிருந்து தீனியை எடுத்துவிட்டேன்.
தண்ணீர் மட்டும்.
இருபத்துநாலு மணிநேரப் பட்டினி என்று
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்:
ச. சவரிமுத்து, எலிக்கூடம்.

பட்டினி போடுவதுதான் புதிது.
கிடந்து பழக்கம்.
டயகமவில் ஆறு வருஷம் கவ்வாத்துக் கத்தி.
விடிய ஒரு பிளேன்டீ, உள்ளங்கையில் சீனி.
பத்து மணிக்கு ரொட்டி என்பார்கள்,
பத்து மணி சில நாள்
இரண்டுக்குத்தான் வரும்.
முதுகுவலிக்கு டிஸ்பென்சரியில் மஞ்சள் குளிசை.
"சாப்பிட்டுப் போடு" என்றார் மருந்துக்காரர்.
எதைச் சாப்பிட்டு என்று சொல்லவில்லை.

முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டாவதற்குத் தண்ணீர், பின் எதனோல்.
மூன்றாவதற்கு மணத்தக்காளிச் சாறு,
ஒரு மணிநேரம் பொறுத்து
அதே எதனோல்.
மிஸ் சிங்களத்தில் சொல்வார்,
நான் தமிழில் அளப்பேன்,
எலி இரண்டிலும் கத்தும்.

இலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
பாடப்புத்தகத் தமிழைத் தேடிப் பிடித்துச் சொன்னார்:
"ஒட்சியேற்ற எதிரி."
எதிரியா காப்பாற்றுவான்?
சிரித்துவிட்டு, "எரிக்கிறவனுக்கு எதிரி" என்றார்.
அப்போது பிடிபட்டது.
மச்சான் வேலைசெய்யும் ஃபெக்டரியில்
ரோலரில் கசங்கிய கொழுந்தைத்
தரையில் பரப்பி வைப்பார்கள்.
காற்று பட்டுப் பட்டு
பச்சை செம்பாகும்.
தேயிலைக்கு அது மணம்.
வயிற்றுக்கு அது புண்.

பின்னேரம்
இரைப்பைகளை விரித்து மெழுகில் ஊசி குத்தினோம்.
பூதக்கண்ணாடியில் மிஸ் எண்ண, நான் எழுதினேன்.
இரண்டாம் கூண்டு: கறுத்த சிவப்பில் நீள நீளக் கீறல்கள்,
கவ்வாத்துக் கத்தி வழுக்கிய மாதிரி.
கண்டி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு
என்னை எடுத்த படத்திலும்
இதே கீறல்கள்தான்.
மூன்றாம் கூண்டு:
ரோஜா நிறம். இரண்டு சின்னப் புள்ளி.
மற்றதில் ஒன்றுமில்லை.
மிஸ் மறுபடி எண்ணச் சொன்னார்.
ஒன்றுமில்லை.

இலை முந்தி, நெருப்புப் பிந்தி.
எனக்கு
நெருப்பு முந்திவிட்டது,
இலை கெலிஓயா பஸ் நிறுத்தத்தில்
கட்டு எண்பது ரூபாய்.

வாங்கினதைச் சொன்னதும் மிஸ்ஸுக்குக் கோபம்.
"இது எலிக்கு, சவரி.
மனுசருக்கென்று நான் ஒரு வரியும் எழுதவில்லை.
டொக்டர் தந்த குளிசையை நிப்பாட்டினால்
உங்களை வேலையால் நிப்பாட்டுவேன்."
நிப்பாட்டவில்லை.
குளிசையும் போடுகிறேன், கீரையும் தின்கிறேன்.
எது கேட்கிறதென்று
என்னை விரித்துப் பார்க்கவா முடியும்?

இன்று புதுக் கூண்டுகள்.
பட்டினி என்று எழுதப் பேனையை எடுத்தேன்,
மூடி வைத்தேன்.
முதலில் இரண்டு துண்டு பாண்,
நேற்றைய கீரைச் சுண்டல்.

எலிகள்
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பார்த்துக்கொண்டிருந்தன.