ஈரக் கழிவு

பீர்மேட்டு விருந்தினர் மாளிகையில்
கமிஷன் மூன்றாம் முறை கூடியது.
நல்ல மழை. அரைநாள் சம்பளம் போக
பதினொரு பேர் வந்திருந்தோம்.

எத்தனை அடி என்று கேட்டார்கள்.
வக்கீல் தமிழில் திருப்பிச் சொல்லுமுன்
பேச்சியம்மா ஆரம்பித்துவிட்டாள்:
"ரோட்டுல உக்காந்திருந்தோம் சார்,
கையில போர்டு மட்டுந்தான்.
ஆறு வரைக்கும் எண்ணுனேன்.
அப்புறம் செல்வராணி எம்மேல விழுந்துட்டா."

அடித்தவர் பெயர்?

சட்டையில் பெயர் இல்லை.
பெயர் குத்தியிருந்த இடத்தில்
இரண்டு ஊசித் துளை,
நடுவில் வெளுக்காத காக்கி.
அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் கழித்து அறிக்கை.
குறைந்தபட்ச பலம்.
அடையாளம் தெரியாத காவலர்கள்.
காயம், ஒன்பது பேர்.
நாங்கள் கொடுத்த பட்டியலில் நாற்பத்தொன்று.

இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கம்தான்.
தராசு இருபத்தேழில் நிற்கும்;
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு மூன்று
கழித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார் கணக்கப்பிள்ளை.
மழையில் நனைந்து கிள்ளியவள் பெயரிலேயே
மழையும் பற்று.

முப்பத்திரண்டு பேரை எதில் கழித்தீர்கள்,
சாக்கிலா ஈரத்திலா?
செல்வராணியின் இடது கை
இன்னும் கொழுந்து கிள்ளவில்லை.

வண்டிப்பெரியாறு தபாலாபீசில்
பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி
மனு அனுப்பியிருக்கிறோம்:
அன்றைய டூட்டிப் பதிவேட்டின் நகல் வேண்டும்.
யார் யார், எத்தனை மணிக்கு,
எந்த லாத்தியைக் கையெழுத்திட்டு வாங்கினார்கள்.

பசை காயுமுன் உறை நனைந்துவிடாமல்
பேச்சியம்மா அதைத்
தன் பிளாஸ்டிக் படங்குக்குள் பிடித்திருந்தாள்.
அவள்தான் நனைந்தாள்.