பதில் வராத இருபத்து மூன்று எண்கள்

சனிக்கிழமை முன்னாள் மாணவர் விருந்து.
மேசைக்குப் பத்துப் பேர், தலைக்கு எண்பது ரிங்கிட்,
கார் நிறுத்த இடம் தேவாலயத்துக்குப் பின்னால்.
சிஸ்டர் ஃபிளாவியா தந்த பட்டியலில்
இன்னும் பதில் வராத எண்கள் இருபத்து மூன்று.

காலையிலிருந்து அடிக்கிறேன்.
தாழ்வாரத்தில் கலைவிழாவுக்குச் சிங்க நடன ஒத்திகை,
தலை ஒரு பக்கம் போக வால் வேறு பக்கம்.
மாடியில் தட்டுக்கழியும் ஜதியும்.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்கிறேன்:
"எண்பத்தொன்பதாம் ஆண்டு, ரெஜினா சவரிமுத்துவா?"

ஒருவர் பெர்த்தில்.
ஒருவருக்கு டயாலிசிஸ், சனிக்கிழமைதான் முறை.
ஒருவர் சொன்னார்:
"கட்டணம் பாக்கியென்று
பரீட்சையன்று என்னை வாசலில் நிறுத்தியவர்கள்தானே?"
நான் அப்போது பிறக்கவே இல்லை.
ஆனாலும் மன்னிப்புக் கேட்டேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "சைவச் சாப்பாடு உண்டா?"

ரெஜினாவின் எண்ணை எடுத்தது
பாலிக் பூலாவில் டுரியான் விற்கும் ரோஸ்லான்.
ஏழு வருடமாக இது அவருடைய எண்ணாம்.
"வருடா வருடம் உங்கள் கல்லூரியிலிருந்து கூப்பிடுகிறார்கள்"
என்றார் மலாயில், கோபமே இல்லாமல்.
பின்னால் யாரோ விலை கேட்டார்கள்.
அவர்களைக் காக்க வைத்துவிட்டு
என்னிடம் கேட்டார்:
"அந்தப் பெண் இன்னும் கிடைக்கவில்லையா?"

பெயரை அடிக்கப் பேனா எடுத்தேன்.
அடிக்கவில்லை.
அடுத்து இந்த நாற்காலிக்கு வருகிறவருக்காக
ஓரத்தில் எழுதினேன்:
இது ரெஜினா இல்லை.
இருந்தாலும் கூப்பிடவும்.