ஐந்து ரூபாய் அபராதம்

எட்டு பத்து, தாம்பரம் – கடற்கரை,
பெண்கள் பெட்டி, இரண்டாவது வாசல்.
எங்களுக்கென்று ஒரே ஒரு சட்டம்:
வலியைச் சொல்லலாம்,
வைத்தியம் சொல்லக்கூடாது.
மீறினால் ஐந்து ரூபாய்.
தெய்வானையின் காலியான தைராய்டு மாத்திரை டப்பாதான்
உண்டியல்.

வெந்தயத்தை ஊறவைத்துக் குடியேன்: ஐந்து ரூபாய்.
என் நாத்தனாருக்கும் இப்படித்தான்: ஐந்து ரூபாய்.
"கொஞ்சம் நடந்தா சரியாயிடும்க்கா" என்ற
புதுப்பெண் ரக்‌ஷிதாவுக்குப் பத்து.
அவளுக்கு வயது இருபத்துமூன்று.
முட்டி இன்னும் பேசத் தொடங்காத வயது.

குரோம்பேட்டை வருவதற்குள்
நூர்நிஷாவின் குதிகால் ஆரம்பித்துவிடும்.
"காலைல முதல் அடி வைக்கிறேன் பாரு,
தரைக்கு அடியிலேர்ந்து எவளோ ஊசி குத்துறா."
செருப்பை மாற்று என்று யாரும் சொல்வதில்லை.
ஐயோ என்கிறோம்.
ஐயோவுக்குக் காசு கிடையாது.

பிலோமினாவுக்கு ஒற்றைத் தலைவலி.
பள்ளியில் லீவு கேட்டால்
தலைவலிதானே என்கிறார்களாம்.
வாயுதானே, வயசுதானே,
பொம்பளைன்னா மாசாமாசம் வர்றதுதானே.
"தானேன்னு ஒரு புயல் வந்துச்சே,
கடலூர்ல எங்கம்மா வீட்டு ஓட்டையெல்லாம்
பிய்ச்சுக்கிட்டுப் போச்சே,
தெரிஞ்சுதான் வெச்சிருக்கான் பேரு" என்பாள்.
பெட்டியே சிரிக்கும்.
சிரித்தால் வலிக்கிறது என்று
அவளே நெற்றியைப் பிடித்துக்கொள்வாள்.

நான் ரங்கநாதன் தெருவில் புடவைக்கடை.
பத்து மணி நேரம் நின்றபடி.
கெண்டைக்கால் நரம்பெல்லாம்
கத்திப்பாரா பாலம் மாதிரி
ஒன்றின் மேல் ஒன்று ஏறி வளைந்து நீலமாகக் கிடக்கும்.
கழிவறைக்கு இரண்டு முறைதான் போகலாம் என்பதால்
தண்ணீர் குடிப்பதில்லை.
தண்ணீர் குடிக்காததால் எரிச்சல்.
எரிச்சலுக்குப் போனால் டாக்டர்
நிமிராமல் கேட்கிறார்: நல்லா தண்ணி குடிக்கறீங்களா?
ஒரு வருஷமாகப் போகிறேன்,
அவருடைய கம்ப்யூட்டருக்குத்தான் என் முகம் தெரியும்.

வெள்ளிக்கிழமை டப்பாவைக் கவிழ்த்துக்
கொய்யாப்பழம் வாங்குவோம்.
விதை பல்லில் சிக்கியதென்று
பல்வலிக்காரி திட்டுவாள்.
அடுத்த வாரக் கதை அது.

அந்த வியாழனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.
"மூணு நாளா இடது கையில யாரோ தொங்குறாப்புல இருக்குடி.
படி ஏறினா தாடை வரைக்கும் இழுக்குது.
புடவை மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறேன்ல,
அதுதான்."

ஐயோ வரவில்லை.
கிண்டி போனது.
சைதாப்பேட்டைப் பாலத்தில்
ரயில் சத்தம் மட்டும் பெரிதானது.

பிலோமினா பர்ஸைத் துழாவினாள்.
சில்லறை இல்லை.
ஐம்பது ரூபாய்த் தாளை நான்காக மடித்து
டப்பாவுக்குள் திணித்தாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:
"மாம்பலத்தில் இறங்காதே."

லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பான் என்றேன்.
நூர்நிஷா என் கைப்பையை எடுத்துத்
தன் மடியில் வைத்துக்கொண்டாள்.
மாம்பலம் வந்தது, கூட்டம் இறங்கியது,
நடைமேடை, மேம்பாலப் படி, என் வருகைப் பதிவேடு
எல்லாம் ஜன்னலில் பின்னால் போயின.
அந்த ஊர் என்னை விட்டுவிட்டுப் போவதை
முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன்.

பார்க்கில் மூன்று பேர் இறங்கினோம்.
எதிரே ஜி.எச்.
அன்று பிலோமினா தலைவலி என்று சொல்லித்தான்
லீவு போட்டாள்.
தலைவலிதானே என்றார்களாம்.

நான்கு வாரம் கழித்து
அதே வாசல், அதே கம்பி.
எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்,
ஒன்றும் கேட்கவில்லை.
நானே ஆரம்பித்தேன்.
வார்டில் மின்விசிறி சுற்றாதது,
உப்பில்லாத கஞ்சி,
நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையின் கசப்பு,
பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை.
குரோம்பேட்டையிலிருந்து கிண்டிவரை கொட்டினேன்.
ஐயோ, ஐயோ என்றார்கள்.
எவ்வளவு நன்றாக இருந்தது.

"ஊறுகாயைத் தொடாதே" என்றாள் பிலோமினா.
நான் டப்பாவை நீட்டினேன்.
"போடி, ஐம்பது கட்டியிருக்கேன்.
இன்னும் எட்டு பாக்கி."