வேப்பேரிக்கு ஒரு பெட்டி

கோவைப் பேருந்தின் வயிற்றில் படுத்து
விடிகாலை கிளாம்பாக்கம் வந்து சேர்ந்தது
மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டி.
மூடியில் பால்பாயிண்ட் பேனா எழுத்து:
‘மேடம், ஐஸ் கரையுமுன் திறக்கவும்.
இப்படிக்கு ஜடையன், வனக்காப்பாளர்.’

தாம்பரம் வரை ஆட்டோ. பிறகு மின்ரயில்.
மடியில் வைத்திருந்தேன்.
கோடம்பாக்கத்தில் ஏறியவள் கேட்டாள்,
‘வஞ்சிரமா? கிலோ எவ்ளோ போட்டாங்க?’
இல்லைங்க என்றேன்.
வேறென்ன என்று அவள் கேட்குமுன்
எழும்பூர் வந்துவிட்டது.

வேப்பேரி ஆய்வகத்தில் திறந்தபோது
ஐஸ் கரைந்துதான் இருந்தது.
தாடையெலும்பில் ஒரு சில்லு,
நாக்கில் விரல்நீளம்,
குடலில் கிடைத்தவை தனி உறையில்.
படிவத்தில் அச்சடித்த ‘பெண்’ணை அடித்து
‘பிடி’ என்று எழுதியிருந்தார் ஜடையன்.
வயது ஒன்பது இருக்கலாம்.
மேட்டுப்பாளையத்துக்கு மேலே, பவானிக்குள்,
இடுப்பளவு தண்ணீரில், நின்றபடி.

‘நின்றபடி’யின் கீழே இரண்டு கோடு.

பலாச்சுளைக்குள் வெடிமருந்து.
பன்றிக்கு வைத்தது என்பார்கள்.
எப்போதும் பன்றிக்குத்தான் வைக்கிறார்கள்.
கிழிந்த வாயைத் தண்ணீரில் நனைத்தபடி
பதினோரு நாள்.
கரையில் மூங்கில் துளிர்த்திருந்ததாம்.
அதையும் எழுதியிருந்தார்,
படிவத்தில் அதற்கு இடமே இல்லை,
ஓரத்தில் செங்குத்தாக.

உறையைப் பிரித்து
குழாயடியில் அலசி
தட்டில் விரித்தேன்.
சாக்குநூல். கற்பூர அட்டை.
கால் கிலோ மிக்சர் பாக்கெட்,
எழுத்து இன்னும் அழியவில்லை:
தயாரிப்பு கொளத்தூர், சென்னை 99.

எங்கள் தெருமுனைக் கடை.

மே மாதம் ஊட்டிக்குப் போனோம்,
வேனில் பதிமூன்று பேர்.
கல்லாறு தாண்டி நிழல் பார்த்து நிறுத்தினோம்.
யார் என்ன தின்றோம்,
கையைத் துடைத்துவிட்டு எதை எங்கே விட்டோம்,
எவ்வளவு யோசித்தும்
பாட்டுப் போட்டதுதான் நினைவிருக்கிறது.
கடைக்கு எத்தனையோ வாடிக்கையாளர்கள் என்று
சொல்லிக்கொண்டேன்.
பேக்கிங் தேதியைத் தேடினேன்.
அந்த மூலையை மட்டும் காணோம்.

இறப்பின் காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
வெடி என்று எழுதினேன்.
பொய்யில்லை.

இரவு ஒன்பதரைக்கு ஃபோன்.
பின்னால் தவளைச் சத்தம், பிறகு ஜடையன்:
‘ஐஸ் இருந்துச்சா மேடம்?
மேட்டுப்பாளையத்துல ரெண்டு கடை மூடிட்டான்,
கிடைச்சதைத்தான் போட்டேன்.’

இருந்துச்சு என்றேன்.
நிறைய இருந்துச்சு.