வெள்ளைக் கூடாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு

அக்-ஓர்கோ என்றால் வெள்ளைக் கூடாரம்.
ஜனவரியில் எங்கள் குடியிருப்பைப் பார்ப்பவர்
பெயர் வைத்தவனைத் தேடிப் போய் உதைப்பார்.
பிஷ்கேக்கின் மேற்கு விளிம்பு. வீட்டுக்கொரு புகைபோக்கி,
புகைபோக்கிக்கு வாரம் மூன்று மூட்டைக் கரி.
தெற்கே மலை இருக்கிறது. ஏப்ரலில் தெரியும்.

நூலகத்தின் நிலவறையில் சனிக்கிழமைப் பட்டறை,
கட்டணம் இல்லை என்று பள்ளிக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.
பன்னிரண்டு இடம். எண்பத்தேழு விண்ணப்பம்.
'ஏன் சேர விரும்புகிறாய்?' ஐந்து வரிக்குள்.
மற்றவர்கள் விண்வெளி, எதிர்காலம், நாடு என்று எழுதினார்களாம்.
நான் எழுதியது ஒரே வரி:
'அங்கே ஹீட்டர் இருப்பதாகக் கேள்வி.'
பட்டியலில் பதிமூன்றாவது பெயர் என்னுடையது.
பெக்தூருக்கு அம்மை வார்த்தது; நான் உள்ளே வந்தேன்.

சால்டரிங் நுனியில் ஈயம் உருண்டு
மினுங்குகிற அந்த ஒரு நொடியை
மீரிம் 'கண் திறக்குது' என்பாள்.
முதல் சனி, விரல் சுட்டது. இரண்டாம் சனி, மேசை.
மூன்றாம் சனி ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து
ஒரு சென்சாரைச் சாகடித்தேன்.
பட்டறை நடத்தும் ஜில்தஸ், பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு,
திட்டவில்லை. செத்ததைப் பிரித்து
உள்ளிருந்த விசிறியை என் கையில் வைத்தாள்:
கட்டைவிரல் நகம் அளவு. மூச்சிழுப்பது மட்டுமே அதன் வேலை.
ஒரு லேசர் கீற்று. தூசி குறுக்கே போனால் மினுக்கும்.
மினுக்கலை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.
மூக்கின் வேலைதான்,
ஆனால் மூக்கு பழகிக்கொள்ளும்.

பிப்ரவரியில் ஆளுக்கொன்று வீட்டுக்கு.
ஏழு நாள், பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
நான் வாசலில் மாட்டினேன்: நூற்றுத் தொண்ணூறு.
தெருவே அப்படித்தான்.
மூன்றாம் இரவு மைனஸ் பத்தொன்பது.
பேட்டரி உறைந்துவிடுமென்று உள்ளே எடுத்துவந்து
அடுப்புக்கு மேலே அலமாரியில் வைத்தேன்,
சர்க்கரை டப்பாவுக்கும்
தம்பியின் இருமல் மருந்துக்கும் நடுவே.

நானூற்றுப் பன்னிரண்டு.

கழற்றி மறுபடி பொருத்தினேன். நானூற்று ஐந்து.
அம்மா கரி போட அடுப்பைத் திறந்தாள். அறுநூறு.
'என்ன அது, மார்க்கா?'
'ஆமாம்.'
'எத்தனைக்கு?'
பட்டறைச் சுவரில் எழுதியிருக்கிறது,
பதினைந்தைத் தாண்டக் கூடாது என்று.
தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனேன்.

சனிக்கிழமை, வரைபடத்தில்
அவரவர் வீட்டில் குண்டூசி குத்த வேண்டும்.
பச்சை, மஞ்சள், சிவப்பு. அதற்கும் மேலே ஊதா;
அந்தப் பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை.
மீரிம் வீட்டில் எரிவாயு; மஞ்சள் குத்தினாள்.
என் கோப்பில் வாசல் நாள் இரண்டு, அலமாரி நாள் ஐந்து.
அலமாரியை அழித்தால் சிவப்பு,
எல்லோரையும் போல.
அழிக்கும் பொத்தான்மேல் விரல் இருந்தது.
ஜில்தஸ் யாருக்கோ வயர் வெட்டிக்கொண்டிருந்தாள்.
அப்பா மட்டக் கரி வாங்குவது அக்கம்பக்கத்துக்குத் தெரியும்தான்,
அதற்காக ஊசி குத்திக் காட்டணுமா?

சட்டைப்பையில் அந்தச் செத்த விசிறி.
நகத்தால் சுண்டினேன். ஒரு சுற்று சுற்றி நின்றது.

ஊதாப் பெட்டியைப் பிரித்தேன்.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் ஈய வாசனை மட்டும்.
பிறகு ஏர்மெக் பக்கத்தில் வந்து நின்றான்:
'நானும் வாசலில்தான் வைத்தேன்.
இன்னொரு வாரம் தருவார்களா?'

அடுத்த சனிக்கு ஊதா போதவில்லை.
மீரிம் நெயில் பாலிஷ் கொண்டுவந்து
சிவப்புத் தலைகளை ஒவ்வொன்றாய்ப் பூசினாள்.
கரி அதே கரி. மலை இன்னும் தெரியவில்லை.
அடுப்புக் கதவின் விளிம்பில் மட்டும்
யார் சொல்லியோ அம்மா களிமண் அப்பியிருக்கிறாள்.
சர்க்கரை எடுக்கும்போதெல்லாம் கேட்கிறாள்:
'இன்றைக்கு எவ்வளவு?'
'முந்நூற்று முப்பது.'
'குறையுதே,' என்கிறாள், முகத்தில் சிரிப்பே காட்டாமல்,
'ஒழுங்காய்ப் படிக்கிறாயா இல்லையா?'